உள்ளே வருகிறவருக்குத் துணை யார்?

பிரான்ஸில் வயது வந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுவதற்கு முன்னால் தன் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அச்சடித்த படிவம் எதுவும் கிடையாது. கடவுளைப் பற்றி எப்போது யோசிக்கத் தொடங்கினார், முதன்முதலாகக் கோயிலுக்கு யார் கூட்டிப் போனார்கள், இத்தனை வருஷம் இல்லாத விருப்பம் இப்போது ஏன் வந்தது என்பதையெல்லாம் தன் சொந்த நடையில் எழுதித் தருவார். ஒரு மரணம், ஒரு நோய், பிள்ளை பிறந்த நேரம், கூட வேலை பார்த்த ஒருவரின் நட்பு என்று காரணங்கள் பலவாக இருக்கும். தவக்காலத்தின் முதல் ஞாயிறை ஒட்டி, கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் பேராலயத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் எழுந்து, இதோ இருக்கிறேன் என்று பதில் சொல்லி, ஆயர் முன்னால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பல மறைமாவட்டங்களில் அன்று ஊதா நிறத் தோள்துண்டு ஒன்றையும் போர்த்துவார்கள். தவக்காலம் முடிகிறவரை அது அவருடன் இருக்கும். திருமுழுக்கு அன்று அது போய் வெள்ளை வரும்.

சில ஆண்டுகளாக அந்தப் பேராலயங்களில் உட்கார இடம் போதவில்லை. பிரான்ஸ் ஆயர் பேரவை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குப்படி, 2023 உயிர்ப்பு விழாவில் திருமுழுக்குப் பெற்ற வயது வந்தோர் 5,463 பேர். 2024இல் 7,135. 2025இல் 10,384. இதோடு 7,400க்கு மேற்பட்ட விடலைப் பருவத்தினரும் 2025இல் சேர்ந்தார்கள். பெரியவர்களில் 42 விழுக்காட்டினர் 18 முதல் 25 வயதுக்காரர்கள். 1905லேயே அரசையும் சமயத்தையும் சட்டம் போட்டுப் பிரித்த நாடு இது. கோயில்கள் காலியாகின்றன என்று அரை நூற்றாண்டாகப் பேசிக்கொண்டிருந்த நாடும்கூட. செய்தித்தாள்கள் இந்த எண்களை வியந்து எழுதின. ஏன் வருகிறார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். வருகிறவர்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. பத்தாயிரம் பேர் என்றால், அவர்களோடு வாரந்தோறும் உட்கார்ந்து பேச அதே அளவுக்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களில் பெரும்பாலோர் குருக்கள் இல்லை. பங்கில் இருக்கும் சாதாரண மனிதர்கள்.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு மதம் மாறுவது என்றால் மனத்தில் ஒரே காட்சிதான்: வெள்ளை அங்கி போட்ட பாதிரியார், தலையில் கொஞ்சம் தண்ணீர், ஒரு புதுப் பெயர், அவ்வளவுதான். உண்மையில் கத்தோலிக்க முறைப்படி அது குறைந்தது ஓராண்டுப் பயணம். பிரான்ஸில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். வயது வந்தோருக்கான புகுமுகச் சடங்குமுறை என்று ஒரு நூலே இருக்கிறது. 1972 ஜனவரி 6ஆம் தேதி வத்திக்கான் அதை வெளியிட்டது. வயது வந்தவர்களைத் திருச்சபைக்குள் கொண்டுவருவது திருமுழுக்குப் பெற்ற அனைவரின் பொறுப்பு என்று அதன் முன்னுரையே சொல்லிவிடுகிறது. குரு, ஆயர், திருத்தொண்டர், மறைக்கல்வி ஆசிரியர் இவர்கள் எல்லாருக்கும் முன்னால் பங்கு மக்களைத்தான் அந்த முன்னுரை பொறுப்பாளிகளாக வரிசைப்படுத்துகிறது.

முதல் கட்டத்தில் சடங்கு எதுவும் இல்லை. வருகிறவர் கேள்வி கேட்கலாம், சண்டை போடலாம், பிடிக்கவில்லை என்றால் போய்விடலாம். இது சில வாரங்களிலும் முடியும், பல மாதங்களும் ஆகும். மனம் உறுதியானதும் ஏற்புச் சடங்கு நடக்கிறது. புதிதாக வருகிறவர் கோயிலுக்கு வெளியே, வாசலில் நிற்பார். குருவும் மக்களும் வெளியே போய் அவரைப் பார்ப்பார்கள். உங்கள் பெயர் என்ன, திருச்சபையிடம் எதைக் கேட்டு வந்தீர்கள் என்று குரு கேட்பார். பிறகு கூடியிருப்பவர்கள் பக்கம் திரும்பி, இவருக்கு உதவ நீங்கள் தயாரா என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் திருப்பலிக்கு வந்தவர்கள், திடீரென்று ஒரு முன்பின் தெரியாதவருக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. பலர் அதன் கனம் தெரியாமலே 'ஆம்' என்கிறார்கள்.

அடுத்து வரும் செய்கை இந்தச் சடங்கு முழுவதிலும் மிக நெருக்கமானது. பக்கத்தில் நிற்கும் துணையாளர் புதியவரின் நெற்றியில் சிலுவை வரைகிறார். பிறகு காதுகளில், கண்களில், உதடுகளில், நெஞ்சில், தோள்களில். சில பங்குகளில் கைகளிலும் பாதங்களிலும் வரைவதுண்டு. பாதத்தில் வரைய வேண்டுமானால் துணையாளர் தரையில் மண்டியிட்டாக வேண்டும். வங்கி மேலாளர் ஒருவர் கல்லூரி மாணவனின் செருப்புக் காலருகே குனிவதும் நடக்கும். பத்து மறைக்கல்வி வகுப்பில் புரிய வைக்க முடியாத ஒன்றை இந்த ஒரு நிமிடம் புரிய வைத்துவிடுகிறது.

அன்று முதல் அவர் புகுமுக நிலையினர். இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை என்றாலும் திருச்சபை அவரைத் தன் வீட்டு ஆளாகவே பார்க்கிறது. இந்தக் காலத்தில் அவர் இறந்துபோனால் கிறிஸ்தவருக்கு உரிய அடக்கச் சடங்கு உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் விதி அப்படிச் சொல்கிறது.

பங்கு செய்யும் உதவி பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். திருப்பலியில் எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது, எப்போது முழங்காலிடுவது என்று புதியவருக்குத் தெரியாது. எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் பதில்கள் அவருக்கு வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து புத்தகத்தில் பக்கத்தைக் காட்டினால் போதும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்குப் பாட நேரத்தை மாற்றித் தர வேண்டும். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறவருக்கு வேறு விதமான துணை வேண்டும். வீட்டில் சொல்லாமல் வருகிறவரை ஊர் முன்னால் மேடையேற்றிப் பாராட்டக் கூடாது. பிரான்ஸில் முஸ்லிம் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் பங்குகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தலைவலி இணையம். இப்போது வரும் இளைஞர்களில் பலர் யூடியூபிலும் டிக்டாக்கிலும் ஏகப்பட்டதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். லத்தீன் திருப்பலி, பேயோட்டுதல், நோன்பு விதிகள் என்று முதல் சந்திப்பிலேயே கேள்விகள் விழும். எதிரே இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம். ஐம்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறவர், ஆனால் இந்தக் கேள்விகளை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இருவருமே சேர்ந்து படிக்க வேண்டிய நிலை. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கத்தோலிக்கர்கள் தங்கள் நம்பிக்கையைத் திரும்பப் படித்தது புதியவர்களால்தான் என்று பல பங்குகளில் சொல்வார்கள்.

துணையாளர் வேறு, ஞானப் பெற்றோர் வேறு. துணையாளர் பெரும்பாலும் பங்கு ஏற்பாடு செய்கிறவர். தொடக்கக் காலத்தில் கூட நடக்கிறவர். ஞானத்தாயோ ஞானத்தந்தையோ வருகிறவரே தேர்ந்துகொள்பவர். 16 வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சொந்தத் தாய் தகப்பன் அந்த இடத்தில் நிற்க முடியாது. பேராலயத்தில் ஆயர் முன்னால் சாட்சி சொல்பவரும் இவர்தான்: ஆயத்தமாகிறவர் திருவசனத்தைக் கவனமாகக் கேட்டாரா, அதன்படி வாழத் தொடங்கினாரா?

இந்தச் சாட்சி கேட்கும் வழக்கம் நேற்று வந்ததில்லை. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்ற பெண் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போய், அங்கே கண்டதைத் தன் ஊர்ப் பெண்களுக்கு எழுதி வைத்தார். திருமுழுக்குக்குப் பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக ஆயர் முன்னால் கொண்டுவருவார்களாம். ஆயர் அந்த ஆளிடம் கேட்க மாட்டார். அக்கம்பக்கத்தாரிடம் கேட்பார். இவர் ஒழுங்காக வாழ்கிறாரா, தாய் தகப்பனை மதிக்கிறாரா, குடிக்கிறாரா, பொய் சொல்கிறாரா? வெளியூர்க்காரராக இருந்து, அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் காரியம் அவ்வளவு சுலபமாக நடக்காது என்றும் எகேரியா எழுதுகிறார். அதற்கும் முந்தைய மரபைச் சொல்லும் நூல் ஒன்று, ஹிப்போலித்தின் பெயரால் வழங்குவது, ஆயத்தக் காலத்தை மூன்று ஆண்டு என்று வைக்கிறது. கடைசியில் கேட்கும் கேள்விகளில் கைம்பெண்களை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்பவை இருக்கின்றன. மனப்பாடத் தேர்வு இல்லை.

பாடம் நடத்துகிறவர்களின் அலுப்பும் பழையதுதான். 400ஆம் ஆண்டு வாக்கில் கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ், புதியவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தனக்கே சலித்துப்போகிறது என்று புனித அகுஸ்தீனிடம் முறையிட்டார். அகுஸ்தீன் பதிலாக ஒரு புத்தகமே எழுதினார். கேட்கிறவர் கொட்டாவி விட்டால் சுவாரஸ்யமாக ஏதாவது சொல்லுங்கள், நின்று கால் வலித்தால் உட்கார நாற்காலி கொடுங்கள் என்பவை அதில் வரும் யோசனைகளில் சில. 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றவர் அகுஸ்தீன். அப்போது அவருக்கு 32 வயது. மகன் அதேயோதாத்துஸும் நண்பர் அலிப்பியுஸும் அன்று அவரோடு தண்ணீரில் இறங்கினார்கள்.

பிறகு குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதே ஊர் வழக்கமாகிவிட, பெரியவர்களுக்கான இந்த நீண்ட பாதை மறைந்துபோனது. பெரியவர்கள் மொத்தமாகச் சேர்ந்த இடங்களில் அவசரமே மிஞ்சியது. நம் முத்துக்குளித்துறையே அதற்குச் சாட்சி. 1530களில் அந்தக் கடற்கரை மீனவர்களான பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் புனித சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர் தெருவில் மணியடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் எழுதவைத்துத் தானும் மனப்பாடம் செய்துகொண்டார். ஒவ்வொரு ஊரிலும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்து, தான் போன பிறகும் பாடம் நடக்க ஏற்பாடு செய்தார். இயேசு சபை குரு ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ஒரு மறைக்கல்விக் கையேடு.

ஒருவரை இன்னொருவர் கைபிடித்துக் கூட்டிவந்த கதைக்கும் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவரிடம் விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார். பேச்சு வளர்ந்தது. பிள்ளை திருமுழுக்குக் கேட்டபோது டிலனாய் கடிதம் கொடுத்து வடக்கன்குளத்திலிருந்த இயேசு சபை குரு புத்தாரியிடம் அனுப்பினார். குரு உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. மாதக்கணக்கில் படிக்கவைத்து, மனத்தைச் சோதித்த பிறகே 1745 மே மாதம் திருமுழுக்குக் கொடுத்தார். அந்த நீலகண்ட பிள்ளைதான் 2022 மே 15ஆம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். அறிமுகக் கடிதம் கொடுத்த டிலனாய், எகேரியா சொன்ன அக்கம்பக்கத்தாரின் வேலையைத்தான் செய்தார்.

மறைந்துபோன அந்த நீண்ட பாதை மெல்லத்தான் திரும்பி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவில் கர்தினால் லாவிஜெரியின் வெள்ளைத் தந்தையர் சபை, அவசரத் திருமுழுக்கு வேண்டாம் என்று நான்கு ஆண்டுப் பயிற்சியை வைத்தது. 1943இல் பிரெஞ்சுக் குருக்கள் இருவர், பிரான்ஸே ஒரு மறைபரப்பு நாடுதானா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு புத்தகம் எழுதிப் பெரிய சலசலப்பை உண்டாக்கினார்கள். 1950களில் லியோன் போன்ற மறைமாவட்டங்களில் படிப்படியான புகுமுக முறை மீண்டும் தலையெடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அதை உலகம் முழுவதற்கும் விதித்தது.

தவக்காலத்துக்கு வருவோம். அதன் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் மூன்று முறை நடப்பதற்கு ஆய்வுச் சடங்கு என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், யாரும் கேள்வித்தாள் நீட்டுவதில்லை. கிணற்றடியில் சமாரியப் பெண், பார்வை பெற்ற பிறவிக் குருடர், கல்லறையிலிருந்து எழுந்த லாசர் என மூன்று நற்செய்திப் பகுதிகள் வாசிக்கப்படும். ஆயத்தமாகிறவர்கள் முழங்காலிட, ஊர் முழுவதும் அவர்களுக்காகச் செபிக்கும். ஞானப் பெற்றோரின் கை அவர்கள் தோளில் இருக்கும்.

பிறகு உயிர்ப்பு விழாவுக்கு முந்தின இரவில் பாஸ்கா திருவிழிப்பு. இருட்டில் புதுத் தீ, பெரிய பாஸ்கா திரி, நீண்ட வாசகங்கள், புனிதர் மன்றாட்டு. வயது வந்தவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவே அங்கேயே உறுதிப்பூசுதலும் தருகிறார், ஆயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே திருப்பலியில் முதல் நற்கருணை. ஏற்கெனவே சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் வந்தால் அவருக்கு மறுபடி தண்ணீர் ஊற்றுவதில்லை. விசுவாச அறிக்கை செய்து முழு உறவில் இணைகிறார்.

நம் ஊரில் வழக்கமாக எழும் இரண்டு கேள்விகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்துகொள்ள மதம் மாறியே ஆக வேண்டுமா? வேண்டாம். திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரிடம் விதிவிலக்குப் பெறத் திருச்சபைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கல்யாணத் தேதிக்கு முந்தின வாரம் நடக்கும் அவசரத் திருமுழுக்குகளைப் பற்றிப் பங்குத்தந்தையர் தயங்குவதில் நியாயம் உண்டு. அடுத்தது, காசு கொடுத்தோ வற்புறுத்தியோ சேர்க்கலாமா? யாரையும் மனச்சாட்சிக்கு எதிராகக் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் உரிமை இல்லை என்று 748ஆம் விதி சொல்கிறது. தகாத வழிகளில் ஆசை காட்டுவதையும் வத்திக்கான் சங்கத்தின் மறைபரப்பு ஏடு தடை செய்கிறது. ஓராண்டுக் காத்திருப்பும் சாட்சிகளும் கேள்விகளும் அவசரத்தையும் ஆசைகாட்டுதலையும் வடிகட்டத்தான்.

இத்தனை அக்கறையும் உயிர்ப்பு ஞாயிறோடு நின்றுவிடுவதுதான் உலகெங்கும் உள்ள சிக்கல். அமெரிக்காவில் பல பங்குகள் செப்டம்பரில் வகுப்பைத் தொடங்கி உயிர்ப்பு விழாவோடு மூட்டை கட்டிவிடுகின்றன, பள்ளிக்கூட ஆண்டு மாதிரி. ஓராண்டாவது வேண்டும் என்று அந்நாட்டு ஆயர்களின் விதிமுறை 1988 முதலே சொல்லியும் பழக்கம் போகவில்லை. சடங்குமுறையின்படி உயிர்ப்பு முதல் பெந்தகோஸ்து வரையிலான 50 நாளும் புதியவர்களுக்கானது. பெற்றுக்கொண்டதை ருசிக்கவும் பங்கு வாழ்க்கையில் வேர் பிடிக்கவுமான காலம் அது. நடைமுறையில் வகுப்பு முடிந்துவிடும், குழு கலைந்துவிடும், துணையாளர் அடுத்த ஆண்டின் ஆட்களைப் பார்க்கப் போய்விடுவார். நேற்றுவரை ஊதாத் துண்டோடு முன்வரிசையில் இருந்தவர், இன்று பின்வரிசையில் தனியாள். கொஞ்ச நாளில் அதிலும் காணோம்.

பிரான்ஸ் ஆயர்களுக்கு இது தெரிகிறது. பாரிஸையும் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்த எட்டு மறைமாவட்டங்களின் ஆயர்கள், புகுமுக நிலையினரையும் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களையும் பற்றிப் பேசவே ஒரு மாகாணச் சங்கத்தைக் கூட்ட 2025இல் முடிவெடுத்தார்கள். கத்தோலிக்க உலகில் மாகாணச் சங்கம் என்பது அடிக்கடி கூட்டப்படுவதில்லை. பெரிய கோட்பாட்டுச் சிக்கல்களுக்காகக் கூடிய சங்கங்கள் வரலாற்றில் உண்டு. இங்கே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், வந்தவர்களை எப்படி வரவேற்று, எப்படித் தங்கவைப்பது என்பது.

தமிழ்நாட்டுப் பங்குகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்கள் ஏற்கெனவே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவரை எந்த அன்பியத்தில் சேர்ப்பது என்பதைப் பாஸ்கா திருவிழிப்புக்கு முன்னாலேயே பங்குப் பேரவை முடிவுசெய்துவிடலாம். உங்கள் பங்கில் இந்த ஆண்டு யாராவது பெரியவர் திருமுழுக்குப் பெற்றிருந்தால், அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.